வெயிலில் வைத்த ஊசி மருந்து

எங்கள் பக்கத்து ஆட்கள் 1991 என்று வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எவன் வீட்டு மாடு எப்போது ஈன்றது என்று கேட்டாலும், அதற்கு முன்னாலா பின்னாலா என்றுதான் பேச்சு. நான் சொல்ல வந்தது அது நடந்து அடுத்த மாதம், ஆனி பிறந்த சமயம். அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொன்னது. வெயிலுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்ல என் பெண்தான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று அவளே சரிபண்ணிக்கொள்கிறாள். பேச்சு வேறு பக்கம் போனால் பேனாவை மூடி வைத்துவிடுவாள். கதையே அவளைப் பற்றியது என்பதால் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி எங்கள் ஊர். இப்போது வந்தால் கம்பெனி சுவரும் கன்டெய்னர் லாரியும்தான் தெரியும். அப்போது நான் மாட்டுத் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன். தரகன் என்றால் வாய் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். அது அப்புறம். முதலில் மாட்டின் வாயைப் பார்க்கத் தெரிய வேண்டும். தாடையைப் பிடித்துக் கட்டை விரலால் கீழ் உதட்டை ஒதுக்கினால் முன்பல் தெரியும். பால் பல்லா, ரெண்டு பல் போட்டிருக்கிறதா, நாலா, ஆறா, எட்டா என்று பார்த்தால் வயசு தெரிந்துவிடும். விற்கிறவன் ஆயிரம் சத்தியம் பண்ணட்டும், பல்லைப் பார்த்துத்தான் நாங்கள் பேசுவோம். எட்டும் போட்டுவிட்டால் முழு மாடு. அதற்கு மேல் வளர்த்தி கிடையாது.

எனக்கு ஒரே பெண். அவள் வளரவில்லை.

பிறக்கும்போது எல்லாப் பிள்ளையும் போலத்தான் இருந்தாள். மூன்று நாலு வயசுக்கு மேல் வளர்த்தி குறைந்து குறைந்து நின்றேவிட்டது. பதினொரு வயசில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்க வைத்தால் வித்தியாசம் தெரியாது. குண்டுக் கன்னம், சின்ன முகம், சின்னக் குரல். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பாப்பாவ மடியில வச்சிக்கோ, டிக்கெட் வேணாம்" என்பார். மற்றப் பிள்ளை என்றால் சந்தோஷப்படும். இவள் விட மாட்டாள். அரை டிக்கெட் கொடுங்கள் என்று கண்டக்டரிடம் மல்லுக்கட்டி வாங்கி, இறங்கும் வரை கையில் மடக்கி வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் இதே பஞ்சாயத்து.

அட்வைஸ் சொல்லாத ஆளே இல்லை. ஒருத்தர் ஆட்டுப்பால் கொடு என்றார். ஒருத்தர் வேப்பமரக் கிளையில் தொங்கவிடு என்றார். தொங்கினாள், கைதான் வீங்கியது. சாமியாடி ஒருத்தர் கருப்புக் கயிறு கட்டினார். ஜோசியர், ஒன்பதாவது வீட்டில் என்னமோ உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போகும் என்றார். எல்லாரையும் விட எனக்கு எரிச்சல் மூட்டினவர்கள், "லேட்டா வளரும், உடு" என்று சொன்னவர்கள்தான். அதைச் சொல்ல ஒரு செலவும் இல்லை பாருங்கள்.

எங்கள் ஊரில் ஒரு டீச்சரம்மா இருந்தார். கிறிஸ்தவர். ஊரில் அவர் வீட்டில்தான் ஃப்ரிட்ஜ். பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்தால் வருஷம் வருஷமாக இவள் முதல் வரிசையிலேயே நிற்கிறாள், இது சரியில்லை என்று சொல்லி, மெட்ராஸில் குழந்தைகளைப் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களைத் துரத்திவிட்டவர் அவர்தான்.

அங்கே ஒரு டாக்டரம்மா கிடைத்தார். கையைப் படம் எடுத்தார். ரத்தம் எடுத்தார், மறுபடியும் எடுத்தார். அப்புறம் எனக்குப் புரிகிறபடி சொன்னார். தலைக்குள்ளே கடலைப் பருப்பு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். வளர்வதற்கு வேண்டிய சத்து அதிலிருந்துதான் ஊற வேண்டுமாம். இவளுக்கு அது ஊறவில்லை. ஆளுக்குப் பதினொரு வயசு, கை எலும்புக்கு ஏழு வயசு. அது ஒரு விதத்தில் நல்லதுதான், எலும்பு இன்னும் மூடவில்லை, மூடுவதற்குள் அந்தச் சத்தை ஊசியில் கொடுத்தால் வளர்வாள். மூடிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் பண்ண முடியாது என்றார்.

அந்த ஊசி நம் மாதிரி ஆட்கள் நினைத்துப் பார்க்கிற சாமான் இல்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ தர்மமாக அனுப்பினது, ஆஸ்பத்திரியில் நாலைந்து பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது. அதில் இவளுக்கும் ஓர் இடம். மாதம் ஒருமுறை போய் வாங்கி வர வேண்டும். டாக்டரம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"சூடு பட்டா இது வெறும் தண்ணி. கெட்டுப்போச்சுன்னு வந்து நின்னா என்கிட்ட வேற இல்ல. விட்டு விட்டுப் போட்டா இந்த இடத்தை அடுத்த புள்ளைக்கு மாத்திடுவாங்க. அது என் கையில இல்ல, புரியுதா?"

புரிந்தது. டீச்சரம்மாவிடம் வாய் அகலமான ஐஸ் பிளாஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அடியில் ஐஸ், அதன் மேல் மருந்துக் குப்பிகளைத் துண்டில் சுற்றி வைத்து, வயர் கூடையில் போட்டு, அதை மடியை விட்டு இறக்காமல் ஊர் வந்து சேர்ந்து, டீச்சரம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்போம். என் சம்சாரம்தான் ஊசி போடுவாள். மாட்டுக்கு நானே போட்டுவிடுவேன், இவளுக்கு என்றால் ஊசியைச் சம்சாரத்திடம் நீட்டிவிடுவேன்.

இப்போது முகத்துக்கு வருகிறேன். எல்லாரும் உயரத்தைப் பற்றியே பேசுவார்கள், முகத்து எலும்பை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. உடம்பு நின்றுபோனபோது இவளுடைய தாடையும் நின்றுபோயிருந்தது. ஆனால் பல் நிற்கவில்லை. அது கொஞ்சம் தாமதமாக என்றாலும் தன்பாட்டுக்கு முளைத்துவிட்டது. பெரிய பிள்ளையின் பல், சின்னப் பிள்ளையின் தாடை. இடம் எங்கே இருக்கும்? ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன.

இதைப் பார்க்கப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர், நாலு பல்லைப் பிடுங்கினால்தான் மற்றதுக்கு இடம் வரும், இப்போதே பிடுங்க வேண்டும் என்றார். திரும்பி வந்தால் டாக்டரம்மா, பல்லில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், ஊசி போட்டால் கீழ்த்தாடை பின்னாலிருந்து வளர்ந்து முகம் இறங்கும், இடம் தானாக வரும், ஒரு வருஷம் பொறுங்கள் என்றார். அங்கே போனால் ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று திட்டு. இங்கே வந்தால் ஏன் அங்கே போனீர்கள் என்று திட்டு. அவர்கள் இரண்டு பேரும் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசியிருந்தால் எனக்கு எத்தனையோ பஸ் மிச்சமாகியிருக்கும். பிறகு டாக்டரம்மா தலையைப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொன்னார். இரண்டு காதிலும் கம்பி மாதிரி ஒன்றை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துவார்கள். "மாட்டக் கொட்டாயில கட்டற மாதிரி கட்றாங்கப்பா" என்றாள் என் பெண். அந்தப் படத்தை வைத்துத்தான் தாடை வளர்கிறதா என்று பார்ப்பாராம்.

இதற்கு நடுவில் என் மச்சான், சம்சாரத்தின் தம்பி, ஒரு வேலை பண்ணினான். அவனும் தரகன்தான். பொங்கலுக்கு வந்தவன், வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது இவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலால் உதட்டை ஒதுக்கி, கன்றுக்குப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"இன்னா மாமா, முன்பல்லு எட்டும் போட்டாச்சு. இனிமே எங்க வளரப்போவுது? சும்மா ஊசி குத்திக்கினு."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. இருபது வருஷமாக மாட்டு வாயையே பார்த்தவன், மனுஷ வாயையும் அதே கணக்கில் பார்த்தான். மாட்டுக்கு எட்டு என்றால் முடிந்தது, மனுஷப் பிள்ளைக்கு எட்டு என்பது ஆரம்பம். அந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் அவன் பேச்சு என் சம்சாரத்தின் மண்டையில் ஏறிவிட்டது. குழந்தையை வீணாகக் குத்துகிறோமோ என்று கேட்க ஆரம்பித்தாள். என் பெண்ணோ அன்று உள்ளே ஓடியவள், அதற்கப்புறம் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள், மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பல் டாக்டர் வாயைத் திற என்றால் போர். அதட்டினாலும் கெஞ்சினாலும் அந்தக் கை இறங்காது.

பேனாவை மூடுகிறாள். சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

மருந்து வாங்கிக்கொண்டு நானும் அவளும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் எல்லா ரோட்டிலும் செக்கிங். வெளி மாவட்டத்துப் போலீஸ் எல்லாம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வைக்கோல் வண்டியைக் கூடக் குத்திப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடந்தது அப்படி. எங்கள் பக்கத்துச் சனங்களும் அதில் செத்துப்போனார்கள். ஆனாலும் ஒரு மனுஷன் மாட்டுச் சந்தைக்குப் போக மூன்று இடத்தில் வேட்டியை உதறிக் காட்ட வேண்டும் என்றால் எரிச்சல் வருமா வராதா?

ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், பென்னலூர் கிட்டே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். உச்சி வெயில். ஓர் இளவட்டப் போலீஸ்காரர் என் கூடையில் கையை விட்டு பிளாஸ்கை எடுத்தார். மூடியைத் திறந்ததும் ஐஸிலிருந்து லேசாக ஆவி வந்தது. அவ்வளவுதான், இரண்டடி பின்னால் போனார். அவரைப் பார்த்து வரிசையே பின்னால் போனது. பிறகு தைரியம் வந்து துண்டைப் பிரித்தார். உள்ளே குப்பிகள், சிரிஞ்சு, ஊசி. லேபிளில் நம் ஊர் எழுத்து ஒன்றும் இல்லை.

"இன்னாய்யா இது?"

"ஊசி மருந்து சார். வளர்றதுக்கு. இதோ, என் பொண்ணுக்கு."

"வளர்றதுக்கு ஊசியா? நாங்கல்லாம் சோறு துன்னுதான் வளந்தோம்."

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதுதான் எனக்கே வினையாகப் போனது. சீட்டில் வயசு பதினொன்று என்று இருந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு கீது. இது அஞ்சாறு வயசுப் பாப்பா. யாரோட சீட்டுய்யா இது? கொழந்தையக் கூட்டிக்கினு வந்தா உட்டுடுவோம்னு நெனச்சியா?"

வயசுக்கேற்ற வளர்த்தி இருந்தால் நான் ஏன் ஐயா மெட்ராஸுக்கும் ஊருக்கும் அலைகிறேன்? வளராததற்கு மருந்து என்கிறேன், ஏன் வளரவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இதைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, துண்டையும் குப்பிகளையும் எடுத்து அங்கே நின்ற ஜீப்பின் பேனட் மேல் வைத்தார். பிளாஸ்கைக் கவிழ்த்தார். ஐஸ் எல்லாம் தார் ரோட்டில் விழுந்தது. விழுந்த ஐஸ் ஈரமாகி, அந்த ஈரமும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

குப்பிகளை எடுக்கப் பாய்ந்தேன். இன்னொரு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார். ஏட்டையா வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஏட்டையா எங்கே? அந்தப் பக்கம் கீற்றுக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடுங்கள் என்றால், சாப்பாட்டில் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது என்கிறார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான்தான் எல்லாவற்றுக்கும் காரணம் மாதிரி.

காலையிலிருந்து வெயிலில் நின்ற ஜீப். அதன் பேனட்டில் அப்பளம் பொரிக்கலாம். ஈரத் துண்டு ஒன்றுதான் அந்த மருந்துக்கும் இரும்புக்கும் நடுவில். சூடு பட்டால் வெறும் தண்ணி. வேற இல்ல. அடுத்த புள்ளைக்கு மாத்திடுவாங்க. டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் கேட்கிறது. இந்த மாதம் போனால் இடம் போகும். இடம் போனால் எலும்பு மூடும். ஓர் ஆள் மோர்சோறு சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் என் பெண்ணின் ஆயுசுக்குமான உயரம் முடிவாகிவிடும்.

அப்போதுதான் பார்க்கிறேன், பக்கத்தில் நின்றவளைக் காணோம். ஜீப்புக்கு முன்னால் இருக்கிறாள். முதலில் மருந்துக்கு நிழல் விழுகிற மாதிரி நின்று பார்த்தாள். அவள் உயரத்துக்கு நிழல் பேனட் மேல் ஏறவில்லை. முன்பக்கத்து பம்பர் மேல் ஏறினாள். சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, இரண்டு கையையும் குப்பிகளுக்கு மேலே குடை மாதிரி விரித்துப் பிடித்தாள்.

"ஏய் பாப்பா, தொடாத" என்று இளவட்டம் அதட்டியது.

"தொடல சார். நெழல் காட்டறேன்."

ஏட்டையா கையைக் கழுவி, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தார். தொப்பை வைத்த பெரிய ஆள். இளவட்டம் எல்லாவற்றையும் சொன்னது. அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக ஜீப் கிட்டே போனார்.

"எந்த கிளாஸ் படிக்கறே பாப்பா?"

"ஆறாவது. பாப்பா இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏட்டையாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பா மாட்டுத் தரகு. மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி எனக்குப் பாருங்க. என் வயசு தெரியும்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். கை இரண்டும் மருந்துக்கு மேலேயே இருந்தது. பொங்கலிலிருந்து எந்த டாக்டருக்கும் இறங்காத கை. நடு ரோட்டில், அத்தனை போலீசும், டீக்கடை ஆட்களும், அடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற சனமும் பார்க்க, கண்ணைக்கூட மூடாமல் நின்றாள். எனக்கு எழுந்து போய் அவள் வாயை மூடலாமா என்று இருந்தது.

ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். தாடையைப் பிடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். மெதுவாகப் பார்த்தார். பிறகு இளவட்டத்தைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கொழந்த கீதா?"

"இன்னும் கல்யாணமே ஆவல ஏட்டையா."

"அதான். ஆறு வயசுன்னா முன்பல்லு விழுந்து பொக்கையா கெடக்கும்யா. இங்க பாரு, மேலயும் கீழயும் பெரிய பல்லா வந்து, எடம் இல்லாம ஏறிக்கினு கீது. இது பெரிய பொண்ணு. மூஞ்சிதான் வளரல." பிறகு இவளிடம், "மூடிக்கோம்மா, போதும்" என்றார்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. கொட்டகையில் அவர்கள் குடிக்கிற தண்ணீர் டிரம்முக்காக, மரத்தூள் போட்டுக் கோணிச் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வெயிலில் சாயங்காலம் வரை அத்தனை பேருக்கும் இருந்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கி வரச் சொல்லி, லத்தியின் அடிப்பக்கத்தால் அவரே உடைத்தார். ஒருத்தர், "ஏட்டையா, நமக்கு?" என்று இழுத்தார். "சுடுதண்ணி குடி, சாவ மாட்டே" என்றார். பிளாஸ்க் நிரம்புகிற வரை உடைத்துப் போட்டார்.

"மரத்தூளைக் கழுவிட்டுப் போடுங்க சார். துண்டுக்குக் கீழதான் ஐஸ் இருக்கணும், மருந்து மேல படக்கூடாது" என்று என் பெண் பம்பர் மேல் நின்றபடியே மேஸ்திரி மாதிரி சொல்கிறாள். அந்தப் பெரிய ஆளும் "சரிம்மா, சரிம்மா" என்று கழுவிக் கழுவிப் போடுகிறார். இளவட்டம்தான் தண்ணீர் ஊற்றியது.

ஒரு செங்கல் லாரியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். நான் ஏறுவதற்கு முன்னால் தோளைத் தொட்டுத் தள்ளிக்கொண்டு போய், குரலை இறக்கிக் கேட்டார். அவருடைய தங்கை பையன் இதே மாதிரியாம். பதினாலு முடியப் போகிறதாம். லேட்டாக வளரும் என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம்.

"நெசமாவே இதுக்கு மருந்து கீதாய்யா?"

இருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரியையும், எந்தக் கிழமை, எந்த வாசல், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சொன்னேன். எலும்பு மூடுவதற்குள் போக வேண்டும், நாளைக்கே போகச் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. லாரிக்காரரும் ஹாரன் அடித்தார். தங்கை வீடு எந்த ஊர், பையன் பேர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

மருந்து கெட்டதா கெடவில்லையா என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்துவிட்டு, முகத்தை மறுபடியும் படம் எடுக்கச் சொன்னார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. அவர் விரலை வைத்துக் காட்டினார். காதுக்குக் கீழே தாடை எலும்பு நீண்டிருக்கிறது, முகம் இறங்க ஆரம்பித்துவிட்டது, உயரத்தில் தெரிகிறதற்கு முன்னால் இங்கே தெரிகிறது என்றார். "இவ தப்பிச்சா. மருந்தும் தப்பிச்சுடுச்சு" என்று சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

படத்தைப் பற்றிச் சொன்ன பிறகு, ஊசி வீணோ என்று சம்சாரம் கேட்கவில்லை. வருஷம் போகப் போகக் கன்னம் வற்றி, தாடை இறங்கி, அவளுக்கு ஒரு முகம் வந்தது. பல் எதையும் பிடுங்கவில்லை. கொஞ்சம் நேராயிற்று, மிச்சத்துக்குக் கம்பி போட்டார்கள். மச்சான் ஒருநாள் பழக்க தோஷத்தில் தாடைக்குக் கையைக் கொண்டுபோனான். தட்டிவிட்டாள். "தரகு குடுத்தாத்தான் மாமா பல்லக் காட்டுவேன்" என்றாள். அன்று வீடு சிரித்தது அவனைப் பார்த்து.

நெட்டை என்று சொல்ல மாட்டேன். அவள் அம்மாவை விட ஒரு விரற்கடை அதிகம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவளை விட உயரமான ஆம்பிளைகளை எல்லாம் ஷிப்டில் நிற்க வைத்துத் திட்டுகிறாளாம். பஸ்ஸில் முழு டிக்கெட். இதை எழுதும்போது சிரிக்கிறாள். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் பேப்பர்.

அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதெல்லாம், தொப்பை வைத்த ஓர் ஆள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வேறு கிழமையில் வந்திருக்கலாம். வீட்டில் யாராவது, லேட்டாக வளரும் உடு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பையனை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. குண்டு வெடித்து, பஸ்ஸை நிறுத்தி, ஐஸைக் கொட்டி, இத்தனை நடந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஒரு சேதி புறப்பட்டது, அதுவும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

அதனால்தான் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். உங்கள் தெருவில், வருஷா வருஷம் பள்ளிக்கூட முதல் வரிசையிலேயே நிற்கிற பிள்ளை ஒன்று இருந்தால், லேட்டாக வளரும் என்று நீங்களும் சொல்லிவிட்டு வராதீர்கள். எலும்பு மூடுவதற்குள் ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.